நீண்டகால விசா: வீட்டு அலமாரியில் தொடங்கும் வேலை

ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமென்றால் மீன்துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் கையில் இருந்தால் படகு கரையை விட்டுக் கிளம்பலாம். ஆனால் அந்தப் படகு யாருடையது என்பதற்கு டோக்கனைக் காட்டி ஒன்றும் ஆகாது. அதற்குப் படகின் பதிவுச் சான்று வேண்டும். விசாவைப் பற்றிக் கேட்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

விசா டோக்கன் மாதிரி. ஒரு நாட்டின் வாசலில் போய் நின்று உள்ளே நுழைய அது அனுமதி தருகிறது. அங்கே வீடு பிடித்து, சம்பளம் வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து வாழ்வதற்கான உரிமை வேறொரு அட்டையில் இருக்கிறது. சவூதியில் அதற்கு இக்காமா என்று பெயர், அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி. கல்ஃபில் காலம் கழித்த பெரியவர்கள் பொதுவாக பத்தாக்கா என்பார்கள். அந்த அட்டை வரைக்கும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற விசாவைத்தான் நீண்டகால விசா என்கிறோம். சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் தருகிற விசிட் விசா அப்படிச் சேர்க்காது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கான குறுகிய கால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். அமீரகத்து விசிட் பெரும்பாலும் 30 நாள் அல்லது 60 நாள்.

கீழக்கரையில் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் கடை என்னுடையது. சம்பாதிக்க வெளிநாடு போகிற சபராளிகளின் வீடுகள் நிறைந்த தெரு. எங்கள் வாப்பாவும் இருபத்திரண்டு வருஷம் ஷார்ஜாவில் இருந்தவர்கள். பெரியபட்டினம், ஏர்வாடி, உச்சிப்புளி, பாம்பன் என்று சுற்றுப்பக்கம் எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வந்ததும் பாஸ்போர்ட்டை மேசை மேல் வைத்துவிட்டு, "விசாவுக்கு எவ்வளவு ஆகும்?" என்பார்கள். பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் இந்த மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்பேன். எதற்காகப் போகிறீர்கள்? அங்கே உங்களுக்குப் பொறுப்பேற்பவர் யார்? எதை வைத்துச் சாப்பிடுவீர்கள்? எந்த நாட்டு நீண்டகால விசா விண்ணப்பத்தை எடுத்தாலும், எத்தனை பக்கம் இருந்தாலும், உள்ளே கேட்பது இந்த மூன்றும்தான்.

முதல் கேள்விக்கான பதில்தான் விசாவின் வகை. வேலை, படிப்பு, குடும்பத்தோடு சேர்தல், சொந்தப் பணத்தில் போய்த் தங்குதல் என்று நான்குக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கடைசி வகை எங்கள் பக்கத்தில் குறைவு. மலேசியா 2002-லிருந்து நடத்தும் 'மலேசியா மை செகண்ட் ஹோம்', அமீரகத்தின் 10 வருஷ கோல்டன் விசா இதெல்லாம் கையில் பெரிய தொகையோ பெரிய தகுதியோ உள்ளவர்களுக்கு. நமக்கு வருவது வேலை விசாவும் குடும்ப விசாவும்.

இரண்டாவது கேள்வியில் கல்ஃபும் ஐரோப்பாவும் வேறுபடும். கல்ஃபில் கம்பெனியோ, கஃபீல் என்கிற அந்த ஊர் முதலாளியோ உங்களுக்குப் பொறுப்பு. விண்ணப்பத்தை அங்கிருந்து அவர்கள்தான் போடுவார்கள், நீங்கள் இங்கிருந்து காகிதங்களை அனுப்புவீர்கள். மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டால் கணவர்தான் ஸ்பான்சர். அமீரகத்தில் அதற்கு அவருக்கு மாதம் 4,000 திர்ஹம் சம்பளமோ, 3,000 திர்ஹத்தோடு கம்பெனி தங்குமிடமோ இருக்க வேண்டும். பிரான்சுக்கோ இங்கிலாந்துக்கோ என்றால் விண்ணப்பதாரர் நீங்களே. இணையத்தில் படிவம் நிரப்பி, நேரம் குறித்து, கைரேகையும் புகைப்படமும் கொடுக்க நீங்களே மையத்துக்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் இருக்கும் கணவரோ மனைவியோ கூப்பிடுவதாக இருந்தால் காட்ட வேண்டிய வருட வருமானத்தை 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டாக உயர்த்தினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதற்கு இந்தியாவிலிருந்து அங்கே போகிறவர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வைக்க வேண்டும்.

சரி, இப்போது அலமாரியைத் திறப்போம். என் அனுபவத்தில் விண்ணப்பம் இழுபறியாவது பெரும்பாலும் தூதரகத்தில் இல்லை, வீட்டு அலமாரியில் இருக்கும் காகிதங்களில்தான்.

முதலில் பெயர். நம் பெயருக்கு முன்னால் இனிஷியல் வைப்பது நம் வழக்கம், பாஸ்போர்ட்டுக்கு அது புரியாது. அதில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நம் ஆட்கள் பலரும் இரண்டாவதை வெறுமையாக விட்டுவிட்டு, முழுப் பெயரையும் முதல் கட்டத்தில் போட்டிருப்பார்கள். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது இந்தக் கடையில் அன்றைக்கு மதியம் உட்கார இடமில்லை. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று அப்புறம் தெளிவுபடுத்தினார்கள். ஆனாலும் புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கிறவர்களிடம் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லித்தான் இப்போதும் வற்புறுத்துகிறேன்.

பெரியபட்டினத்துத் தங்கச்சி ஒருத்தியின் காகிதங்களை இந்த மேசையில் வரிசையாகப் பரப்பியது நினைவிருக்கிறது. கணவர் ஷார்ஜாவில். அவருடைய பாஸ்போர்ட்டில் 'சையத்'. ஆதாரில் 'செய்யது'. பள்ளிக்கூட டி.சி.யில் 'செய்யிது'. திருமணச் சான்றில் 'சையது'. நான்கும் ஒரே மனிதர்தான், தெருவில் எல்லோருக்கும் தெரியும். அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடினாலும் அவர் பார்வையில் வேறு ஆள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இன்னொரு விதமாக வரும். ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட்டு அதுவே ரேஷன் கார்டில் ஏறிய பெயர் இன்னொன்று.

இதற்கு வழி, ஒரு காகிதத்தைத் தாய்க் காகிதமாக வைத்துக்கொள்வது. பெரும்பாலும் அது பாஸ்போர்ட்தான். மற்றதையெல்லாம் அதற்கு ஒத்துவரும்படி திருத்த வேண்டும். சின்ன எழுத்து வேறுபாட்டுக்கு நோட்டரியிடம் இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைக்கலாம். சில நாடுகள் ஏற்கும், சில ஏற்காது. பெயரே வேறு என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும். அந்தத் தங்கச்சிக்குத் திருமணச் சான்றைத் திருத்தி வாங்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. அவள் குழந்தைக்கு அதற்குள் பல் முளைத்துவிட்டது.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். அதை எடுத்துப் பெயர் என்கிற இடத்தைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் நிறைய சான்றிதழ்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஆஸ்பத்திரியில் பிறந்த அன்றே பதிந்துவிடுவார்கள், பெயர் வைப்பது பிறகு, அதைப் போய்ச் சேர்க்க யாருக்கும் தோன்றாது. அப்பா பெயரும் அம்மா பெயரும் ஆண் என்றோ பெண் என்றோ மட்டும் உள்ள தாளை வைத்துக்கொண்டு, இது என் பிள்ளைதான் என்று வெளிநாட்டில் நிரூபிக்க முடியாது. பிறப்பு பதிவான நாளிலிருந்து 15 வருஷத்துக்குள் பெயரைச் சேர்க்கலாம் என்பது தமிழ்நாட்டு விதி. பிள்ளை ஒன்பதாம் வகுப்பு போவதற்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும், வேறு எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மருத்துவச்சி கையில் வீட்டிலேயே பிறந்து, பதிவே ஆகாத பெரியவர்களும் இருக்கிறார்கள். ஒரு வருஷம் தாண்டிய பிறப்பைப் பதிய வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு கோட்டம், உங்கள் ஊர் எதில் வருகிறதோ அங்கே போக வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும். மகன் அழைக்கிறான் என்று டிக்கெட் போட்ட பிறகு இதைத் தொடங்கினால் மனசு உடைந்துவிடும்.

குடும்ப விசாவின் உயிர் திருமணச் சான்றிதழில் இருக்கிறது. ஜமாஅத் தப்தரில் கையெழுத்துப் போட்டாயிற்று, சர்ச்சில் ஓலை வாசித்துப் பங்குச்சாமி பதிந்தாயிற்று, அது போதாதா என்று கேட்பார்கள். ஊருக்குப் போதும், தூதரகத்துக்குப் போதாது. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24-லிருந்து எந்த மதத்துத் திருமணமாக இருந்தாலும் அரசிடம் பதிவது கட்டாயம். திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. மாப்பிள்ளை ஒரு மாத லீவில் வந்து நிக்காஹ் முடித்துவிட்டுத் திரும்பப் போய்விடுவார், பதிவு கிடப்பில் கிடக்கும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் நாளையும் குறித்துவிடுங்கள். மாப்பிள்ளை ஊரில் இருக்கிற அந்த முப்பது நாளுக்குள் அது முடிய வேண்டும்.

காகிதங்கள் ஒத்துவந்த பிறகு அவற்றுக்கு முத்திரை வாங்க வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு அலுவலர் போட்ட கையெழுத்து உண்மையானதா என்று பாரிஸில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதற்காக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அப்போஸ்டில். இந்தியா 2005-ல் அதில் சேர்ந்தது. முதலில் மாநில அரசு சரிபார்க்கும், பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் ஒட்டும், அதை உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்ளும். சவூதி 2022 டிசம்பரில் இதில் சேர்ந்ததால் அங்கே போகிறவர்களுக்கு ஒரு படி குறைந்தது. அமீரகம் இதில் இல்லை, அதனால் வெளியுறவு அமைச்சக முத்திரைக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரக முத்திரையும், அங்கே போனபின் அவர்கள் வெளியுறவு அமைச்சக முத்திரையும் வாங்க வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசு வாங்கும் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய்தான். அதற்கு மேல் போவதெல்லாம் நடுவில் சேவை செய்கிறவர்கள் வாங்குவது, எதற்கு எவ்வளவு என்று ரசீதில் பிரித்துக் கேளுங்கள். அசலைக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் தெளிவாக ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து சான்றிதழ் மை கரைந்துபோன குடும்பங்களைக் கடற்கரைத் தெருக்களில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கேள்வி, எதை வைத்துச் சாப்பிடுவீர்கள் என்பது. கம்பெனி விசாவில் ஒப்பந்தம் இதற்குப் பதில் சொல்லிவிடும். படிப்பு விசாவிலும் ஐரோப்பியக் குடும்ப விசாவிலும் வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். இங்கேதான் நம் ஆட்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். நகையை அடகு வைத்தோ, ஐந்து வட்டிக்கு வாங்கியோ எட்டு லட்சத்தை ஒரே நாளில் கணக்கில் போட்டு, மறுநாள் ஸ்டேட்மென்ட் எடுத்து வைப்பார்கள். அதிகாரி இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. பல மாதக் கணக்கைக் கேட்பதே பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான். ஐந்து மாதம் மூவாயிரம் நாலாயிரத்தில் இருந்த கணக்கு திடீரென்று ஏறினால் அது யாருடைய பணம் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

மாதச் சம்பளம் இல்லாத வீடுகளுக்கு இது பெரிய சங்கடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் விசைப்படகுக்காரர் கையில் ஒன்றும் வராது. முண்டு மிளகாய் போடுகிறவர்களுக்குப் பணம் காய் பறித்து விற்கும் மாதங்களில்தான். இது குற்றமில்லை, விளக்கினால் போதும். மீன் வியாபாரியிடம் வாங்கும் துண்டுச்சீட்டுகள், கமிஷன் கடை பில், சங்கத்து உறுப்பினர் அட்டை, படகின் பதிவுச் சான்று இவற்றோடு, வருமானம் ஏன் இப்படிக் கூடிக் குறைகிறது என்று அரைப்பக்கக் கடிதம் ஒன்றை வைக்க வேண்டும். விற்ற காசைக் கையில் வைத்துச் செலவழிக்காமல் கணக்கில் போட்டு எடுத்துப் பழகுங்கள். அந்தப் பழக்கத்தை விண்ணப்பத்துக்கு ஒரு வருஷம் முன்பே தொடங்குவது நல்லது.

இப்போது சொல்லப்போவதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். விசிட் விசாவில் போய் வேலை பார்க்கலாம், அங்கே போனதும் மாற்றித் தருவார்கள் என்று யாராவது சொன்னால் கிளம்பாதீர்கள். அமீரகத்தில் விசிட்டில் இருப்பவருக்கு வேலை கிடைத்து விசாவை முறையாக மாற்றிக்கொள்வது உண்டு. ஆனால் மாறும் வரை வேலை செய்வது குற்றம். சம்பளம் தராவிட்டால் நீங்கள் போய் முறையிட ஒப்பந்தமும் இருக்காது. நாள் முடிந்தால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறும். எங்கள் தெருவிலேயே ஒரு காக்கா, அதாவது அண்ணன் முறை ஆள், இப்படிப் போய், ஏழு பேர் படுக்கும் அறையில் வெளியே தலைகாட்டாமல் நாலு மாதம் இருந்துவிட்டு வந்தார். ஏஜென்டுக்குக் கொடுத்தது அவர் உம்மாவின் காப்பு.

விசா கையில் வந்ததும் இரண்டு வரியை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று வகை: விசிட்டா, வேலையா? இன்னொன்று தொழில். மீன்பிடிக்கப் போகிறவருக்கு வீட்டு டிரைவர் என்று விசா வந்தால் அங்கே அவர் செய்வது வேறு வேலை, மாட்டினால் தண்டனை அவருக்குத்தான். பஹ்ரைன், குவைத், சவூதிக் கடலில் தொழில் பார்க்கும் நம் பக்கத்து ஆட்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இ.சி.ஆர் என்றால் இங்கே எல்லோருக்கும் தூத்துக்குடி ரோடுதான் ஞாபகம் வரும். பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர் என்றால் வேறு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் 18 குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பதற்கான குறி அது. சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 1983-ம் வருஷக் குடிபெயர்வுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. பலரும் இதை ஒரு தொந்தரவாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒப்பந்தத்தை ஒரு அரசு அலுவலகம் பார்க்கிறது, இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கூடவே வருகிறது. விசிட்டில் அனுப்புகிற ஏஜென்ட் இந்த அனுமதியைத் தாண்டிப் போகத்தான் விசிட்டில் அனுப்புகிறார். பதிவு பெற்ற ஏஜென்டா என்று அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் உங்களிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான் வாங்கலாம்.

மற்ற காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், வெற்றுப் பக்கங்களும் வேண்டும். நம் மாவட்டத்துக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம், போலீஸ் சான்று கேட்டால் அதற்கும் பாஸ்போர்ட் சேவா தளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். மருத்துவப் பரிசோதனை சவூதிக்கும் குவைத்துக்கும் இங்கேயே, அமீரகத்துக்கு அங்கே போனபின். கத்தாருக்கு என்றால் சென்னையில் உள்ள கத்தார் விசா மையத்திலேயே கைரேகை, பரிசோதனை எல்லாம் முடிந்துவிடும்.

விமானம் இறங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் டோக்கனைக் கொடுத்துவிட்டுப் பதிவுச் சான்றை வாங்க வேண்டிய நேரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அமீரகத்தில் நுழைவு அனுமதியோடு இறங்கியவர் 60 நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் முடித்து எமிரேட்ஸ் ஐடி வாங்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, அந்த அட்டைதான் எல்லாம். பிரான்சின் நீண்டகால விசா ஒன்று, தானே தங்கும் உரிமையாகவும் செல்லும் வகை. ஆனால் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதி செய்து வரி கட்ட வேண்டும். செய்யாவிட்டால் கையில் விசா இருந்தும் தங்க உரிமை இல்லாதவர் ஆகிவிடுவீர்கள். பாரிஸில் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேரும் பெண்கள், இது யார் பொறுப்பு என்று முதல் வாரமே கேட்டுவிட வேண்டும். அவள் பெயரில் உள்ள விசா, அவளே தளத்தில் நுழைந்து செய்யலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

அட்டை வந்த பிறகும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அமீரகத்தில் சாதாரணக் குடியிருப்பு விசா வைத்திருப்பவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த விசா செல்லாமல் போகும். தகுந்த காரணம் காட்டி, அபராதம் கட்டி, மறுபடி நுழைய அனுமதி கேட்கலாம், கிடைக்கும் என்று உறுதி இல்லை. சவூதியில் இருந்து வருகிறவர்களுக்குத் திரும்பி நுழையும் விசாவில் ஒரு தேதி இருக்கும், அதற்குள் போய்விட வேண்டும். இதில் அதிகம் மாட்டுவது பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்கு வருகிற பெண்கள். ஏழாம் மாதம் வருவார்கள், குழந்தை பிறக்கும், நாற்பது கழியும், பிள்ளை கொஞ்சம் தேறட்டும் என்று இன்னும் ஒரு மாதம் இருப்பார்கள். இதற்கிடையில் குழந்தைக்குப் பெயரோடு பிறப்புச் சான்றிதழ் வாங்கி, பாஸ்போர்ட் எடுத்து, முத்திரை வாங்கி, விசா போட வேண்டும், அதற்கே இரண்டு மூன்று மாதம் போய்விடும். அதனால் ஊருக்கு வந்து இறங்குகிற லாத்தாமார்களிடம் (அக்காமார்களிடம்), பாஸ்போர்ட்டில் குத்திய தேதியைப் பார்த்து, அதிலிருந்து ஐந்தாவது மாதத்தில் ஒரு நாளை வீட்டு காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைக்கச் சொல்கிறேன். குழந்தைக்குப் பெயர் வைத்த மறுநாளே பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு ஆளை அனுப்பிவிடுங்கள்.